திருத்தாமல் விட்ட எழுத்து

ஜனவரி 12

அன்புள்ள வாலுக்கு,

உன் அண்ணன் எழுதுவது. இங்கே உன் அண்ணி நலம். நான் அவளுக்குப் பயந்து நலம். நீயும் மாப்பிள்ளையும் மருமகனும் எப்படி இருக்கிறீர்கள்? வழக்கம்போல ‘நலம்’ என்று ஒரே சொல்லில் எழுதித் தப்பிக்காதே.

இத்துடன் ஒரு கட்டுரை வைத்திருக்கிறேன். நீ பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். சம்பளமில்லாமல் அண்ணனுக்கும் திருத்து. உன் பள்ளிப் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக் கற்றவன் நான். ஒன்றாம் வகுப்பில் நீ காலையில் படித்ததை நான் வேலை முடிந்து வந்து மாலையில் படித்தேன். அப்போதே என் சிலேட்டில் குறுக்குக் கோடு போட்டவள் நீ. பெற்றவர்கள் இல்லாத பிள்ளை என்று உன்னை நான் அடித்ததே இல்லை. நீதான் என்னை அடித்திருக்கிறாய்.

விஷயம் இதுதான். எங்கள் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் இருந்த ஆரம்பப் பள்ளியை மூடிவிட்டார்கள். சேர்க்கப் பிள்ளைகள் இல்லை. முன்பெல்லாம் லிஃப்டில் ஏறும் குட்டிப் பிசாசுகள் எல்லாப் பொத்தானையும் அழுத்திவிட்டு ஓடும். இந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பழுது பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். எத்தனை முறை திட்டியிருப்பேன். இப்போது பொத்தான்கள் புதுசு போலப் பளபளக்கின்றன. பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இந்த நேரத்தில் நகர மருத்துவமனையில் கருக்களைப்புக்கென்று தனிப் பிரிவு திறக்கப் போகிறார்களாம். நகரசபை மக்களிடம் கருத்துக் கேட்கிறது. ஐந்தாம் மாடி நர்ஸம்மா வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறாள். குடியிருப்போர் சங்கத் தலைவன் என்ற முறையில் நான் வேண்டாம் என்கிறேன். லிஃப்டில் ஒருவர் தன் வசதிக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் எல்லா மாடிக்காரர்களும் காத்துக் கிடக்க வேண்டும். ‘என் விருப்பம்’ என்று ஆளாளுக்குச் சொன்னால் ஊர் என்ன ஆவது? பிறக்கப் போகிறவன் கூட்டத்துக்கு வந்து பேச முடியாது. அவனுக்காக யாராவது பேச வேண்டாமா?

சீக்கிரம் திருத்தி அனுப்பு. போன் உன் அண்ணியின் துறை. எனக்குக் கடிதம்தான்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அண்ணன்

*

ஜனவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்களுக்கும் அண்ணிக்கும் உடம்பு தேவலைதானே? உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? லிஃப்ட் இருக்கும்போதே படியேறி வீரம் காட்டுவதாக அண்ணி சொன்னார். இங்கே உங்கள் மாப்பிள்ளை நலம். உங்கள் மருமகன் கல்லூரி விடுதிக்குப் போனதிலிருந்து சட்டை துவைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். வெள்ளைச் சட்டைகள் எல்லாம் நீலமாகிவிட்டனவாம். எனக்கு லேசான தலைசுற்றல். அச்சு மை வாடையாக இருக்கும்.

கட்டுரையைப் பார்த்துவிட்டேன். ‘முயற்ச்சி’யில் ஒரு ச் அதிகம். ‘கேட்க்கிறேன்’ என்பதில் ஒரு க் அதிகம். உங்களுக்குக் கோபம் வந்தால் மெய்யெழுத்து கூடுதலாக விழுகிறது. ‘விளக்கம்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘விலக்கம்’ போட்டிருக்கிறீர்கள். விளக்கினால் புரியும், விலக்கினால் ஆள் எழுந்து போய்விடுவார். கடிதத்தில் பள்ளியைச் சரியாக எழுதிய நீங்கள் கட்டுரையில் ‘பல்லியை மூடினார்கள்’ என்கிறீர்கள். பல்லியை மூடினால் நகரசபை கவலைப்படாது, அண்ணா.

பிழை திருத்துகிறவள் கருத்தைத் தொடக் கூடாது. ஆனாலும் ஓரத்தில் பென்சிலால் இரண்டு கேள்வி எழுதியிருக்கிறேன். ஒன்று, பள்ளி நிரம்ப வேண்டும் என்பது நல்ல ஆசைதான். ஆனால் பள்ளியை நிரப்புவதற்காக யாராவது பிள்ளை பெறுகிறார்களா? இரண்டு, லிஃப்டுக்குள் சிவப்பாக ஒரு பொத்தான் உண்டே, அழுத்தினால் அப்படியே நின்றுவிடுமே, அதை ஏன் உள்ளே வைத்தார்கள்? காத்திருக்கிறவர்கள்தானே அதிகம்? வெளியே வைத்திருக்கலாமே?

அண்ணியிடம் என் அன்பைச் சொல்லுங்கள். மறக்காமல் மாத்திரை போடுங்கள்.

என்றும் உங்கள் அன்புத் தங்கை,
வாலு

*

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் இருவரும் தேவலை. முழங்கால் தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். உன் தலைசுற்றல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. மை வாடை உனக்கு நேற்றா பழக்கம்? வேளைக்குச் சாப்பிடுவதில்லை, அதுதான். ‘வேளை’ சரியாக எழுதியிருக்கிறேனா? அகராதி பார்த்தேன். என் நாக்குக்கு ல, ள, ழ மூன்றும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். கைதான் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

உன் பென்சில் கேள்விகளைப் படித்தேன். எனக்கே பாடம் எடுக்கிறாயா? சிவப்புப் பொத்தான் ஏன் உள்ளே என்றால், உள்ளே என்ன நடக்கிறது என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். வெளியே நிற்பவன் கையில் கொடுத்தால் அவசரத்துக்கு அழுத்தித் தொலைப்பான். இது இயந்திரத்துக்கு உள்ள விதி. மனிதர்களுக்குப் பொருந்தாது. நீ கேட்டுவிட்டாய் என்பதற்காக நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஆனால் நான் கல்நெஞ்சக்காரன் இல்லை என்று காட்ட ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். தாயின் உயிருக்கு ஆபத்து, வன்கொடுமை, பிழைக்காத குழந்தை, இந்த மூன்றும் விலக்கு. (இந்த விலக்கு சரிதானே?) மற்றபடி வசதிக்காகச் செய்வது சுயநலம். அதை நாலு இடத்தில் அழுத்திச் சொல்லியிருக்கிறேன். புதுப் பிரதி உள்ளே இருக்கிறது.

டாக்டரைப் பார். பார்த்துவிட்டு எழுது.

உன் அக்கறையுள்ள,
அண்ணன்

*

பிப்ரவரி 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். சில நாள் லீவில் இருந்தேன். டாக்டரைப் பார்த்தேன். இப்போது நலம். கவரில் முகவரி உங்கள் மாப்பிள்ளை கையெழுத்தில் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தபாலில் சேர்க்கிற வேலையை அவரிடம் விட்டிருக்கிறேன்.

பிரதியைத் திருத்தியிருக்கிறேன். இந்த முறை பிழை குறைவு. ‘சுயநலம்’ நாலு இடத்தில் வருகிறது. ஒரு இடம் போதாதா, அண்ணா?

மருமகன் வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனான். எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தான். சர்க்கரைக்குப் பதில் உப்பு. குடித்துவிட்டேன்.

அண்ணி நலமா? நீங்கள் நலமா?

அன்புடன்,
வாலு

*

மார்ச் 11

அன்புள்ள வாலுக்கு,

உன் அண்ணனின் ஆசிகள். இங்கு யாவரும் நலம். நீ எழுதியது கடிதமா தந்தியா? ‘டாக்டரைப் பார்த்தேன், இப்போது நலம்’ என்றால் என்ன அர்த்தம்? என்ன வியாதி, என்ன மருந்து, ரத்தம் பார்த்தார்களா? மாப்பிள்ளையாவது இரண்டு வரி எழுதக் கூடாதா? எனக்கென்ன, உன்னை வளர்த்தவன்தானே, வாடகைக்கா இருந்தேன்?

நாலு இடத்துச் சுயநலத்தில் ஒன்றைக்கூட எடுக்க மாட்டேன். சொல்ல வேண்டியதை ஒரு தரம் சொன்னால் நம் ஜனங்கள் கொட்டாவி விடுவார்கள்.

கட்டுரை சிறு புத்தகமாக அச்சாகிவிட்டது. மேலட்டையில் என் பெயருக்குக் கீழே ‘லிஃப்ட் மெக்கானிக் (ஓய்வு)’ என்று போட்டிருக்கிறேன். பட்டம் வாங்கியவர்கள் பட்டத்தைப் போடுகிறார்கள், நான் வாங்கியதைப் போட்டேன். ஊரெல்லாம் கொடுத்துவிட்டேன். நர்ஸம்மா வீட்டுக் கதவிடுக்கிலும் ஒன்று செருகினேன். கருத்துக் கேட்பு இந்த மாதக் கடைசியில். உன்னை நினைத்துக்கொண்டுதான் மேடையேறுவேன்.

உடம்பைக் கவனி. முழுதாக எழுது.

உன்,
அண்ணன்

(இதே கவரில், மடித்த துண்டுத் தாளில்)

கண்ணு, அவரு ஒட்டுறதுக்கு முன்னாடி செருகுறேன். நீ போன்ல சொன்னதை நான் யார்கிட்டயும் மூச்சு விடல. வேணாம்னு நீ முடிவு பண்ணின, மாப்பிள்ளை பக்கத்துல நின்னாரு, முடிஞ்சது. அந்தப் புத்தகத்துல உள்ளதையெல்லாம் உன்னை நெனச்சு எழுதினதுன்னு எடுத்துக்காத. உன்னை நெனச்சிருந்தா அவரால ஒரு வரி எழுத முடிஞ்சிருக்காது. நல்லா தூங்கு. வெயிட் தூக்காத. அண்ணி.

*

மார்ச் 30

தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல். இந்த முறை அதற்கு மேல் எழுத மனம் இல்லை.

கருத்துக் கேட்பு நடந்தது. மண்டபம் நிறையக் கூட்டம். நான் நன்றாகத்தான் பேசினேன். கை தட்டினார்கள். அப்புறம் நர்ஸம்மா எழுந்தாள். கையில் என் புத்தகம்.

“ஐயா எழுதினதையே படிக்கிறேன். ‘கருக்களைப்பு ஒருத்தியின் வீட்டோடு நிற்பதில்லை.’ ஐயா, உங்க எழுத்துல இது பெரிய ள-தானே?”

“ஆமா. அதுக்கென்ன?”

“சின்ன ல போட்டா கலைக்கிறது. பெரிய ள போட்டா களைச்சுப் போறது. டயர்டு. அட்டையிலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஐயா பெரிய ள-தான் போட்டிருக்காரு. நானும் இத்தனை நாளா அதைத்தானே சொல்றேன்? வர்றவங்கள்ல பாதிப் பேரு களைச்சுப் போய்தான் வர்றாங்க. நாம ஒரே கட்சிங்க ஐயா.”

மண்டபம் சிரித்தது. எனக்குக் கை தட்டியவர்களும் சிரித்தார்கள். நகரசபைத் தலைவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அந்தம்மா கேலியாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிகிறது.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். களை என்றால் சோர்வு. களை என்றால் பயிருக்கு நடுவே வேண்டாமல் முளைப்பது என்றும் இருக்கிறது. எந்த உயிருக்காகப் பேசப் போனேனோ அதையே களை என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பல்லியைப் பிடித்தாய். விலக்கத்தைப் பிடித்தாய். ஒரு ச், ஒரு க் விடவில்லை. முதல் வரியில் இருந்த இதை எப்படி விட்டாய்? இரண்டு முறை உன் கைக்கு வந்ததே? கண் தவறியதா? உனக்குக் கண் தவறாது. நீ வேலை பார்க்கிற இடத்தில் உன்னைத் தலைமைப் பிழை திருத்துபவர் ஆக்கப் போவதாக மாப்பிள்ளை போனில் உன் அண்ணியிடம் பெருமையடித்தாரே. அப்படியானால் பார்த்தே விட்டாயா? ஊர் சிரிக்கட்டும் என்றா?

அண்ணன்

*

ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் கோபத்துக்கு நடுவிலும் ‘நலமறிய ஆவல்’ என்று எழுதியிருந்தீர்கள். அதனால் இந்த முறை முழுதாக எழுதுகிறேன். தயவு செய்து உட்கார்ந்து படியுங்கள்.

கண் தவறவில்லை. பார்த்தேதான் விட்டேன். ஊர் சிரிப்பதற்காக இல்லை. ஊர் என் நினைவிலேயே இல்லை.

உங்கள் முதல் பிரதி வந்த அன்று காலையில்தான் நான் கர்ப்பம் என்று தெரிந்தது. மேஜையில் உட்கார்ந்து கவரைப் பிரித்தேன். முதல் வரியிலேயே அந்தச் சொல். சிவப்புப் பேனாவை அதன் மேல் வைத்தேன். களைப்பு என்று எழுதியிருந்தீர்கள். என் நிலையை யாரோ பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்னது போல இருந்தது. அதைச் சொன்னது நீங்கள், அதுவும் உங்களுக்கே தெரியாமல். அடித்துவிட்டு லகரம் போட்டால் அந்த ஒருவரும் போய்விடுவார் என்று தோன்றியது. பேனாவை எடுத்துவிட்டேன். இரண்டாம் பிரதி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்போது திருத்தியிருக்கலாம். கை போகவில்லை.

அண்ணா, உங்கள் மூன்று விலக்கையும் வரி வரியாகப் படித்தேன். ஒன்றிலும் நான் இல்லை. என் உடம்புக்கு ஆபத்து ஒன்றும் இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார். ஆபத்து என்று உங்களிடம் ஒரு பொய் எழுதிவிட்டு மூன்றில் ஒன்றுக்குள் நுழைந்துகொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். நீங்களும் “ஐயோ பாவம்” என்றிருப்பீர்கள். எழுத வரவில்லை.

எனக்கு வேண்டாம் என்றிருந்தது. அவ்வளவுதான். மகன் தலையெடுத்துவிட்டான். இருபது வருஷத்துக்குப் பிறகு என் மேஜை, என் விளக்கு, என் மாலை நேரம் என்று ஒன்று கிடைத்திருக்கிறது. மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்க எனக்குத் தெம்பு இல்லை. தெம்பு உடம்பில் மட்டும் இருப்பதில்லை. அவரிடம் சொன்னேன். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம், “நீ சொல்றதுதான். நான் கூட வர்றேன்” என்றார். வந்தார்.

முடிந்த பிறகு அழுதேன். அழுததை வைத்து நான் வருந்துகிறேன் என்று உங்கள் அடுத்த பதிப்பில் எழுதிவிடாதீர்கள்.

உங்களைத் தலைகுனிய வைத்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கு இல்லை.

உங்கள்,
வாலு

*

ஜூன் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? நான் தலைமைப் பிழை திருத்துபவர் ஆகிவிட்டேன். நாற்காலிக்குக் கை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

மே முழுதும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இப்போது என் முகத்தைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே தலையாட்டிவிடுகிறார்.

கோபம் என்றால் கோபம் என்று எழுதி அனுப்புங்கள். எத்தனை மெய்யெழுத்து அதிகமாக இருந்தாலும் பரவாயில்லை. ஒன்றும் எழுதாமல் அனுப்பினால் நான் எதைத் திருத்துவது?

வாலு

*

ஜூன் 15

அன்புள்ள கண்ணுக்கு அண்ணி எழுதுறது.

நான் நல்லா இருக்கேன். உங்க அண்ணன் உசிரோட இருக்காரு. போன்ல சொல்லலாம், ஆனா இதை அவரு வீட்டுல இருக்கப்ப பேச முடியாது, அவரோ வீட்டை விட்டு வெளிய போறதில்ல. அதான் எழுதுறேன். என் எழுத்தைத் திருத்தினா பேச மாட்டேன்.

உன் லெட்டர் வந்த அன்னிக்கு நீ சொன்ன மாதிரி உட்கார்ந்துதான் படிச்சாரு. மடிச்சு சட்டைப் பைக்குள்ள வச்சாரு. “என்ன எழுதியிருக்கா?”ன்னு கேட்டேன். “உனக்குத் தெரியாத மாதிரி கேக்காத”ன்னாரு. அதோட சரி.

போன வாரம் பால் வாங்கப் போனவரு திரும்பல. கீழ ஒரே சத்தம். போய்ப் பார்த்தா லிஃப்ட் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நிக்குது. வேலைக்குப் போற நேரம், எல்லா மாடியிலயும் ஆளுங்க கத்துறாங்க. அஞ்சாம் மாடில நர்ஸம்மா கதவுகிட்ட குனிஞ்சு, “யாருங்க உள்ள?”ன்னாங்க.

“நான்தான்.”

“ஐயாவா? பொத்தான் சிக்கிக்கிச்சா?”

“சிக்கல. நான்தான் அழுத்தினேன்.”

“ஏன், என்னாச்சு?”

“உள்ள இருக்கிறவன் காரணம் சொல்லணும்னு எங்கயாவது எழுதியிருக்கா?”

நர்ஸம்மா நிமிந்து, “எல்லாரும் படியில இறங்குங்க. அவரா வருவாரு”ன்னு சொல்லிட்டு அவங்களும் படியில உட்கார்ந்துட்டாங்க. வேலைக்கு லேட்டு, இருந்தும் உட்கார்ந்திருந்தாங்க. ரொம்ப நேரம் கழிச்சு லிஃப்ட் மேல வந்துச்சு. வெளிய வந்தவரு கண்ணு ரெண்டும் ரத்தச் செவப்பா இருந்துச்சு. “மோட்டார்ல ஒரு சத்தம். என்னன்னு கேட்டுப் பார்த்தேன்”னாரு. நர்ஸம்மாவும், “ஆமாங்க ஐயா, எனக்கும் கேட்டுச்சு”ன்னாங்க.

வீட்டுக்கு வந்து பாலை வச்சிட்டு, “நமக்குக் குடுத்திருக்கலாமேடி”ன்னாரு. கல்யாணம் ஆன இத்தனை வருஷத்துல நமக்குப் பிள்ளை இல்லன்னு அவரு வாயால ஒரு தடவகூட சொன்னதில்ல. அன்னிக்குத்தான் சொன்னாரு, அதுவும் இப்படி.

உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். நீ போன்ல சொன்ன அன்னிக்கு எனக்கும் அந்த நெனப்பு தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். நான் முழுங்கினதை அவரு துப்பிட்டாரு, அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுதுவாரு. கொஞ்சம் பொறு.

அண்ணி

*

ஜூலை 20

அன்புள்ள வாலுக்கு,

உன் அண்ணன் எழுதுவது. நாங்கள் நலம். உன் நாற்காலிக்குக் கை வந்ததில் எனக்குச் சந்தோஷம். சாய்வு இருக்கிறதா? இல்லையென்றால் கேட்டு வாங்கு.

மூன்று மாதமாக எழுதவில்லை. எழுதினேன், கிழித்தேன். இதையும் கிழிக்காமல் தபால்பெட்டியில் போட உன் அண்ணி என் பின்னாலேயே வருவாள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் கருத்து மாறவில்லை. நீ என் தங்கை என்பதால் நான் நினைப்பது தப்பாகிவிடாது. பிறக்காதவனுக்காக யாராவது பேச வேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன். அடுத்த கூட்டத்துக்கும் போவேன்.

இரண்டாவது. எனக்குக் கொடுத்திருக்கலாம். அப்படிக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று உன் அண்ணி சொல்கிறாள். உரிமை இல்லாமலே கேட்கிறேன். நீ பெற்று என் கையில் கொடுத்திருந்தால் நான் வளர்த்திருக்க மாட்டேனா? உன்னை வளர்க்கவில்லையா? இதற்குப் பதில் எழுது. கசந்தாலும் எழுது.

மூன்றாவது. நர்ஸம்மா என் புத்தகத்தைப் பற்றிப் பேசியதால் எல்லாப் பிரதியும் தீர்ந்துவிட்டது. இரண்டாம் பதிப்பு போடுகிறேன். பிரதி உள்ளே இருக்கிறது. பிழை பார். சுயநலம் என்ற சொல்லை நாலு இடத்திலும் நானே அடித்துவிட்டேன். பயந்து அடித்தேன் என்று நினைக்காதே. எனக்குத் தெரிந்த ஒருத்தி மேல் அந்தச் சொல்லை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. பொருந்தாத சொல் பிழை என்று நீதானே சிலேட்டில் கோடு போட்டுச் சொல்லிக் கொடுத்தாய்?

கோபம் இன்னும் இருக்கிறது. நீ அந்த நாட்களில் என்னிடம் சொல்லாமல் இருந்தாயே, அதற்கு. நான் வந்து மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று நினைத்தாயா? சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் தபால்காரர் என்னைவிட அதிகமாகச் சிரித்தார். வீட்டில் உங்கள் மாப்பிள்ளை நலம், பையன் நலம். நாற்காலிக்குச் சாய்வு இல்லை. கேட்டிருக்கிறேன்.

நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள் என்று தெரியும். சண்டைக்குப் பயந்து நான் மறைக்கவில்லை.

நீங்கள் கேட்பீர்கள் என்றும் தெரியும். அதற்குத்தான் பயந்தேன். “எனக்குக் கொடு” என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கொடுத்திருப்பேன், அண்ணா. என்னைத் தோளில் வைத்துக்கொண்டு லிஃப்ட் மோட்டார் அறைக்கு ஏறியவர் கேட்டு நான் எப்படி இல்லை என்பேன்? வயிற்றில் சுமந்து, பெற்று, உங்கள் கையில் கொடுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு ஊருக்கு வண்டி ஏறியிருப்பேன். எல்லோருக்கும் நல்லதாக இருந்திருக்கும். உங்களுக்கு, அண்ணிக்கு, உங்கள் மூடிய பள்ளிக்கு. நான் மட்டும்தான் அந்தக் கணக்கில் வரமாட்டேன். அப்புறம் உங்களுக்குக் கடிதம் எழுதுகிறவள் உங்கள் தங்கையாக இருந்திருக்க மாட்டாள். வாடகைக்கு இருந்தவளாகியிருப்பாள்.

கொடுக்காததற்கு உங்கள் மேல் பாசம் இல்லாததுதான் காரணம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பாசம் இருந்ததால்தான் உங்கள் கேள்வி வருவதற்கு முன்னாலேயே முடிவெடுத்தேன்.

அண்ணியின் கடிதத்தைத் திருத்தவில்லை என்று சொல்லுங்கள். அதில் திருத்த ஒன்றும் இல்லை.

இரண்டாம் பதிப்பைப் பார்த்துவிட்டேன். அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை, நீங்கள் எனக்காகத் திருத்தாமல் விட்டிருந்த அந்தச் சொல்லில் லகரம் போட்டிருக்கிறேன். இந்த முறை கை போனது. உங்கள் கருத்தோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் புத்தகத்தில் இனி ஒரு பிழை இல்லை. நர்ஸம்மா வேறு ஏதாவது யோசிக்கட்டும்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
வாலு

*

செப்டம்பர் 2

அன்புள்ள வாலுக்கு,

உன் பதிலைப் படித்தேன். கசந்தது. சட்டைப் பையில் முந்தின கடிதத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அதைப் பற்றி இனி நான் கேட்க மாட்டேன். கேட்காததால் ஒப்புக்கொண்டேன் என்று நினைக்காதே.

நகரசபை முடிவு வந்துவிட்டது. மருத்துவமனையில் அந்தப் பிரிவைத் திறக்கிறார்கள். நான் தோற்றுவிட்டேன். மேல்முறையீட்டு மனு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் உனக்குத்தான் வரும். சிவப்புப் பேனாவில் மை நிரப்பி வை. நர்ஸம்மாவிடம் அந்த மனுவைப் பற்றிச் சொன்னேன். “எழுதுங்க ஐயா, நீங்க எழுதலன்னா எனக்குப் பொழுது போகாது” என்றாள். திமிர் பிடித்தவள். நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வருவதைப் பார்த்து லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே யாரோ கத்தினார்கள். கத்தட்டும் என்று நானும் மெதுவாகவே ஏறினேன்.

உன் அண்ணி நலம். அடுத்த மாதம் நாங்கள் இரண்டு பேரும் அங்கே வருகிறோம். அவள் உன்னைப் பார்க்க வருகிறாள். நான் உன் நாற்காலியைப் பார்க்க வருகிறேன். ஸ்பேனர் கொண்டுவருவேன்.

நலமா என்று கேட்டால் நீ நலம் என்றுதான் எழுதுவாய். வருஷக் கணக்காக அதையே கேட்டு அதையே வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்த முறை கேள்வியை மாற்றுகிறேன்.

களைப்பு எப்படி இருக்கிறது, அம்மா? குறைந்ததா?

இங்கே ளகரம் சரிதான். திருத்தாதே.

உன்,
அண்ணன்